எண் இல்லாத மணிக்கட்டு

கென்ட்ரா ஸ்டோவாலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாஃப்ட்பால் ஆட்டம் முழுவதும் குந்தியிருந்தே பந்து பிடிக்க வேண்டிய கேட்சருக்கு இது பெரிய குறையல்லவா என்று யாராவது கேட்டால், அவர்கள் கேட்சர்களோடு பழகியதில்லை என்று அர்த்தம். மட்டை பிடித்தவளின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது மட்டும்தான் அவள் உடம்பு ஓரிடத்தில் தங்கும். மற்ற நேரமெல்லாம் கையுறையின் தோல்வாரைப் பிய்ப்பாள், தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை உரிப்பாள், எழுந்து நடப்பாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். அந்த ஜூலையில் விச்சிடாவில் வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதும் அவள் மைதானத்தின் கார் நிறுத்தத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. வியாழக்கிழமை காலை, லார்க்ஸ் அணியின் பயிற்சியாளர் பெவ் ராங்கின் அவளையும் மேக்ஸ் என்ற இன்னொரு மாற்று கேட்சரையும் தனியே கூப்பிட்டார். சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஜேனட்டுக்குக் கட்டைவிரல் கட்டு திங்கட்கிழமை பிரிக்கிறாங்க. முதல் கேட்சர் அவ வந்துட்டா எனக்கு மாத்து ஒருத்தி போதும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி வீட்டுக்குப் போகணும். போன வாரம் மேக்ஸைப் பாத்துட்டேன். இந்த வாரம் அமரில்லோ டீமோட நாலு ஆட்டத்துலயும் கென்ட்ரா குந்தட்டும்."

"நான் எதுல கவனமா இருக்கணும், கோச்?"

"யோசிக்கறதுல. கை எல்லார்கிட்டயும் இருக்கு."

வீட்டுக்குப் போவது என்றால் வேறு அணிக்குப் போவது இல்லை. பெண்கள் சாஃப்ட்பாலில் கல்லூரி முடிந்ததும் பெரும்பாலானவர்களின் கதை முடிந்துவிடும். இருபத்திரண்டு வயதில் ஓய்வு. மிச்சம் இருப்பது இந்தச் சின்ன லீக் ஒன்றுதான். அதிலிருந்தும் இறக்கிவிட்டால், ஓக்லஹோமாவில் அம்மா சொல்லிவைத்திருக்கும் பல் மருத்துவரின் வரவேற்பு மேசை காத்திருந்தது. அந்த மேசைக்குப் பின்னால் நாள் முழுவதும் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே கென்ட்ராவுக்குக் கால் பரபரத்தது.

யோசிக்கச் சொன்னதுதான் அவளுக்குச் சிக்கல். கல்லூரியில் அந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. அங்கே ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கோச் கேரிட்டி, அணி உட்காரும் டக்அவுட்டின் படியில் நின்று மூன்று இலக்க எண் ஒன்றைக் கத்துவார். களத்தில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடது மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் பட்டையில் ஒரு அட்டை. அட்டையில் அந்த எண்ணுக்கு நேரே என்ன பந்து, எந்தப் பக்கம் என்று இருக்கும். வீசுபவள் வீசுவாள், கென்ட்ரா பிடிப்பாள். நான்கு ஆண்டுகள், எத்தனையோ ஆயிரம் பந்துகள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனாலும் நாட்டின் சிறந்த கேட்சர்களில் ஒருத்தி என்று தொலைக்காட்சியில் அவளைச் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

லார்க்ஸில் எண்ணும் இல்லை, பட்டையும் இல்லை. கேட்சர்தான் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி, எந்தப் பந்து என்று சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் டக்அவுட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெவ் அதைக் கவனித்துவிட்டு, மறுநாள் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டக்அவுட்டே சிரித்தது.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள். கேரிட்டி இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பாள், அதைக் காட்டுவாள். முதல் பந்து வெளிப்பக்கம் இறங்கு பந்து. மட்டையில் உரசிப் போனால் அடுத்தது வளைவுப் பந்து. இரண்டு ஸ்ட்ரைக் ஆகி மட்டைக்காரிக்கு ஒரே வாய்ப்பு மிச்சமிருந்தால் மார்புக்கு மேலே எழும்பும் ஏறு பந்து. நான்கு ஆண்டுப் பழக்கம் அது, தானாகவே விரலில் வந்தது. யோசிக்கிற மாதிரியும் இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டத்தில் லார்க்ஸுக்காகப் பந்து வீசியவள் லூப்பே பரேரா. முப்பத்து நான்கு வயது, லீக்கிலேயே மூத்தவள். மற்ற மாதங்களில் எல் பாஸோவில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பிள்ளைகளை மிரட்டும் அதே பார்வையைக் கேட்சர்களிடமும் வைத்திருந்தாள். அவள் பந்தை அமரில்லோவில் யாராலும் தொட முடியவில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி ஷெல்பி கோல்ப். கல்லூரியில் நான்கு ஆண்டும் கென்ட்ராவின் அறைத்தோழி. களத்தில் ஷார்ட்ஸ்டாப், அதாவது ரன்னுக்காக ஓடிச் சேரும் பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்பவள். கென்ட்ராவின் காரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவாள், கென்ட்ராவின் சாக்ஸைப் போட்டுக்கொள்வாள், கென்ட்ரா எழுதிய பாடக்குறிப்பை வைத்துத் தேர்வு எழுதி அவளைவிட ஒரு மதிப்பெண் கூட வாங்குவாள். கென்ட்ராவும் முறைத்துவிட்டுக் கொடுத்துவிடுவாள். இதுவரை அவள் ஷெல்பிக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது.

வியாழக்கிழமை ஷெல்பி இரண்டு முறை அடித்தாள், லார்க்ஸ் தோற்றது. வெள்ளிக்கிழமை வேறொருத்தி வீசினாள். அவளுடைய பந்தை ஷெல்பி வேலிக்கு வெளியே அனுப்பினாள், லார்க்ஸ் மறுபடியும் தோற்றது.

சனிக்கிழமை மீண்டும் லூப்பே. மூன்றாவது இன்னிங்ஸில் ஷெல்பி ஒரு ஏறு பந்தை, வருமென்று காத்திருந்தவளைப் போல, இடது மூலைக்கு விரட்டினாள். லூப்பே நேராகக் கென்ட்ராவிடம் நடந்து வந்தாள். கையுறையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள மூணு வாரமா மட்டையில பந்தே படாம அழுதுட்டு இருந்தாளாமே. நம்மளப் பாத்ததும் சாமி வந்துடுச்சா அவளுக்கு?"

"நல்லாப் பாக்கறா."

"என்னத்தப் பாக்கறா? நான் கையை விடறதுக்கு முன்னாடியே இடுப்பத் திருப்பறா. என் கை, உன் தலைன்னு விட்டுட்டு நிக்கறேன் நான். தலை சரியில்லன்னா வலி என் கைக்குத்தான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"என்ன தெரியும்? நாளைக்கும் நான்தான் வீசப்போறேன். இதே கூத்துன்னா பந்தை உன் முகமூடியப் பாத்தே விடுவேன்."

ஆறாவது இன்னிங்ஸில் ஷெல்பி மறுபடி வந்து நின்றாள். கென்ட்ரா குந்தி, எதைக் காட்டலாம் என்று ஒரு கணம் தயங்கினாள். தயங்கியவளின் கண் தன்னையறியாமல் இடது மணிக்கட்டுக்குப் போனது. அங்கே பட்டை இல்லை. நான்கு ஆண்டு பட்டை கட்டியிருந்த இடத்தில் வெயில் படாத வெளுத்த வளையம் மட்டும் இருந்தது. சட்டென்று வெட்கப்பட்டுத் தலையை நிமிர்த்தினாள். அப்போது ஷெல்பியும் தன் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நிமிர்வதைக் கண்டாள். அங்கேயும் அதே வெளுத்த வளையம்.

 ஷார்ட்ஸ்டாப்பும் பட்டை கட்டியவள்தானே. கேரிட்டி கத்திய ஒவ்வொரு எண்ணையும் நான்கு ஆண்டு அவளும் படித்தவள்தானே. கென்ட்ரா தன் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தது ஷெல்பியின் கையிலும் கட்டியிருந்த அதே அட்டை. இருவரும் அடித்துப்பிடித்து மனப்பாடம் செய்த ஒரே பாடத்தை இவள் ஒப்பிக்க, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த முறையும் ஷெல்பி அடித்தாள். லார்க்ஸ் தோற்றது. பெவ் விதை மென்றபடியே எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கென்ட்ராவுக்கு.

ஞாயிறு காலை இருவரும் வழக்கம்போல நெடுஞ்சாலை ஓரத்து வாஃபிள் கடையில் சந்தித்தார்கள். ஷெல்பி வந்ததும் கென்ட்ராவின் தட்டிலிருந்து பன்றி வறுவலை எடுத்துக் கடித்தாள். கென்ட்ரா காகிதக் கைக்குட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மேசையெல்லாம் பனி பெய்யுது?"

"நான் என்ன காட்டப்போறேன்னு உனக்குத் தெரியும், இல்ல?"

ஷெல்பி மெல்வதை நிறுத்தினாள். பிறகு மறுபடி மென்றாள்.

"முதல் நாளே தெரிஞ்சுடுச்சு."

"நாலு நாளா எங்கூட உக்காந்து தின்னுட்டு இருக்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லி? 'அடியே, நீ கேரிட்டி மாதிரியே காட்டற, மாத்திக்கோ'ன்னு சொல்லணுமா? எதிர் டீமுடீ நான்."

"நான் போயிடுவேன் ஷெல். நாளைக்குக் காலைல என்னை அனுப்பிடுவாங்க."

"என்னையும்தான்." ஷெல்பி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க மேனேஜர் போன வாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இந்தத் தொடர்ல அடிச்சாத்தான் நீ இருப்ப, இல்லன்னா பெட்டியக் கட்டுன்னு. எல்லாப் பொண்ணுங்களும் என்னென்னவோ வீசறாளுங்க, எனக்கு ஒண்ணும் புரியல. இந்த வருஷம் பூரா எனக்குப் புரிஞ்சது நீ மட்டும்தான். இன்னிக்கும் ரெண்டு அடிச்சா இருந்துடுவேன்."

கென்ட்ரா அடுத்த கைக்குட்டையை இழுத்துக் கிழித்தாள். ஷெல்பி அவள் கிழித்த துண்டுகளை விரலால் கூட்டிக் குவித்தாள்.

"மாத்தாதேன்னு நான் கேக்க மாட்டேன்," என்றாள். "ஆனா கேக்காம இருக்கவும் முடியல. என்ன ஜென்மம் பாரு."

வெளியே வந்ததும் கென்ட்ரா காரில் ஏறவில்லை. மைதானம்வரை நடந்தே போனாள். வியர்வை முதுகில் வழிந்தது. ஷெல்பிமேல் கோபமாக வந்தது. பாதி வழியில் அந்தக் கோபம் கேரிட்டிமேல் போனது. நான்கு ஆண்டு எங்களுக்காக யோசித்து யோசித்து எங்களை இப்படி ஆக்கிவிட்டாரே என்று. மைதானத்தின் வாசலில் அது தன்மேலேயே வந்து நின்றது. அங்கிருந்து அதைத் தள்ளிவிட வேறு ஆள் இல்லை.

ஆட்டம் நடுப்பகலில் தொடங்கியது. முதல் இன்னிங்ஸில் கென்ட்ரா சொந்தமாக யோசிக்கிறேன் பேர்வழி என்று குட்டையைக் குழப்பினாள். ஒருத்திக்கு இறங்கு பந்தைக் காட்டிவிட்டு மனம் மாறி வளைவுப் பந்தைக் காட்டினாள், மறுபடி முதலாவதற்கே வந்தாள். லூப்பே பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றாள். இரண்டு ரன் போனது. ஷெல்பி வந்தபோது பதற்றத்தில் விரல் பழைய பாடத்துக்கே ஓடியது. ஷெல்பி அடித்தாள், இன்னொரு ரன்னும் போனது.

இன்னிங்ஸ் முடிந்து உள்ளே வந்ததும் லூப்பே தசைப்பிடிப்புக்காக வைத்திருக்கும் ஊறுகாய்ச் சாற்றுப் பாட்டிலை மடக்மடக்கென்று குடித்துவிட்டு அவள் பக்கம் நீட்டினாள்.

"குடி. செத்த மூஞ்சியோட எனக்கு விரல் காட்டாத. தப்பா இருந்தாலும் பரவால்ல, சட்டுனு காட்டு."

அதற்குப் பிறகு கென்ட்ரா எண்களை விட்டுவிட்டு மட்டை பிடித்தவர்களின் காலைப் பார்க்கத் தொடங்கினாள். குந்தியிருப்பவளின் கண்ணுக்கு நேரே இருப்பது அதுதான். நான்கு ஆண்டும் அங்கேதான் இருந்தது, அவள்தான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி முன்காலில் சாய்ந்து நின்றாள், அவளுக்கு மெதுப் பந்து. ஒருத்தி கோட்டிலிருந்து தள்ளி நின்றாள், அவளுக்கு வெளிப்பக்கம். சரியாக விழுந்தபோது உள்ளே ஏதோ துள்ளியது. அது அவளுக்குப் புதிய சந்தோஷம். நடு ஆட்டத்தில் ஷெல்பி வந்தபோது கென்ட்ரா உள்பக்கம் ஒரு இறங்கு பந்து கேட்டாள். பந்து ஷெல்பியின் மட்டையில் கைப்பிடி அருகே பட்டு வானத்துக்குப் போய் லூப்பேயின் கையிலேயே விழுந்தது. ஷெல்பி திரும்பி முகமூடிக்குள் இருந்த கண்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. கென்ட்ராவின் சந்தோஷம் அங்கேயே பாதி வடிந்துவிட்டது.

இதற்குள் லார்க்ஸும் அடித்து, கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது ஒரு ரன் முன்னால் இருந்தது. அமரில்லோவுக்கு இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டாவது மூன்றாவது பேஸ்களில் ஆட்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் போய்விடும். மட்டையோடு வந்தவள் ஷெல்பி.

முதல் இரண்டு பந்தில் இரண்டு ஸ்ட்ரைக். மூன்றாவதும் விழுந்தால் முடிந்தது. கேரிட்டியின் பாடத்தில் இந்த இடத்துக்கு ஒன்றுதான் உண்டு, மார்புக்கு மேலே ஏறு பந்து. ஷெல்பி மட்டையை ஏந்துவதற்கு முன்னால் ஒருமுறை கீழே கென்ட்ராவைப் பார்த்தாள்.  பிறகு பின்காலின் குதிகாலை மண்ணில் அழுத்தி, கைகளைக் கொஞ்சம் உயர்த்தி, மார்புக்கு மேலே வரப்போகும் பந்துக்குத் தயாராக நின்றாள்.

நடு ஆட்டத்தில் கென்ட்ரா மாற்றிவிட்டது ஷெல்பிக்குத் தெரியும். பழைய பாடம் போய்விட்டது என்றும் தெரியும். ஆனாலும் அவள் ஏறு பந்துக்குத்தான் காத்திருக்கிறாள். ஏன் என்று கென்ட்ராவுக்கு உடனே புரிந்தது. ஷெல்பி காத்திருப்பது கேரிட்டியின் பந்துக்காக அல்ல, கென்ட்ராவுக்காக. காரைக் கொடுத்தவள், சாக்ஸைக் கொடுத்தவள், கடைசியில் இதையும் கொடுத்துவிடுவாள் என்று நம்பி நிற்கிறாள். உலகத்தில் வேறு எந்தக் கேட்சராலும் இந்தக் காலைப் படித்திருக்க முடியாது.

லூப்பே காத்திருந்தாள்.  பெவ் இன்று சுவரைப் பார்க்கவில்லை.

கென்ட்ரா தொடைகளுக்கு நடுவே நான்கு விரலையும் விரித்து ஆட்டினாள். மெதுப் பந்து. லூப்பே ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டுத் தலையாட்டினாள்.

லூப்பேயின் கை முழு வேகத்தில்தான் சுழன்றது, பந்து மட்டும் சாவகாசமாக வந்தது. ஷெல்பி முழு பலத்தோடு சுழற்றினாள். பந்து வந்து சேர்வதற்குள் மட்டை போய், உடம்பும் போய், ஒரு முழங்கால் மண்ணில் ஊன்றியது. பந்து கென்ட்ராவின் கையுறைக்குள் சத்தமில்லாமல் விழுந்தது.

எல்லோரும் ஓடிவந்து லூப்பேயைத் தூக்கினார்கள். யாரோ கென்ட்ராவின் தலைக்கவசத்தைத் தட்டினார்கள். லூப்பே அவள் கழுத்தைப் பிடித்து இழுத்து, "மெதுப் பந்தா, பாவி, எனக்கே தோணல," என்றாள். பெவ் கடந்து போகும்போது நிற்காமலே சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை டீம் பஸ் காலைல கிளம்பிடும். உனக்காகக் காத்திருக்க மாட்டேன்."

இரண்டு அணியும் வரிசையாக வந்து கையோடு கை தட்டிக் கடந்தன. ஷெல்பி கென்ட்ராவின் கையைத் தொட்டாள், பிடிக்கவில்லை, அடுத்தவளுக்குப் போய்விட்டாள். கென்ட்ரா தன் கவசங்களை அவிழ்க்கப் போனாள். காலில் இருந்த கொக்கி ஒன்று வரவேயில்லை. அதோடு மல்லுக்கட்டி நிமிர்ந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. ஷெல்பி தனியாக மைதானத்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மட்டை பிடிக்கும் இடத்தில், தரையில் பதித்திருந்த வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். காலணி நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

கடைசி ஆட்டம் ஆடிவிட்டு விளையாட்டையே விடுகிறவள்தான் காலணியை அங்கே கழற்றி வைப்பாள். அந்த மைதானத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள், தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். ஷெல்பி இரண்டு காலணிகளையும் ஜோடி சேர்த்துத் தட்டின்மேல் வைத்தாள். கொஞ்சம் கோணலாக இருந்தது என்று நேராக்கினாள்.

கென்ட்ரா ஓடினாள். 

"நாளைக்குத்தானே சொல்வாங்க, ஷெல். ஒருவேளை..."

"அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்." ஷெல்பியின் கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது. "மெதுப் பந்த யாரு கேட்டா? லூப்பேயா?"

பொய் சொல்லலாம் என்று கென்ட்ராவுக்குத் தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"நான்தான்."

ஷெல்பி தலையை மெல்ல ஆட்டினாள். "நீயா இருக்கணும்னுதான் நெனச்சேன்," என்றாள். அப்புறம் வேறு பக்கம் பார்த்து, "கொஞ்ச நாளைக்கு என்னைக் கூப்பிடாதடீ. நானே கூப்பிடறேன்," என்றாள்.

சாக்ஸோடு எழுந்து வேலிப் பக்கம் நடந்தாள். வாசலைத் தாண்டியதும் கார் நிறுத்தத்தின் தார் கொதித்தது. இரண்டு அடி வைத்தாள், திட்டிக்கொண்டே குதித்தாள். கென்ட்ரா டக்அவுட்டுக்கு ஓடித் தன் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டாள். ஷெல்பி அதைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு கால்களை அதில் நுழைத்துக்கொண்டு, தன் அணியின் வேன் நின்ற பக்கம் போனாள்.